கை தூக்காத வரிசை

ஆராய்ச்சி முடித்த பிள்ளைகள் எல்லாரும் பட்டம் வாங்குவதற்கு முன்னால் தாங்கள் கண்டுபிடித்ததைச் சொந்த ஊர்ச் சனங்களுக்கு எளிய தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும், கூட்டத்தில் இருக்கிறவர்கள் ஒருவர் விடாமல் புரிந்தது என்று கை தூக்க வேண்டும், ஒரு கை குறைந்தாலும் அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சொல்ல வேண்டும் என்று பல்கலைக்கழகம் உத்தரவு போட்ட வருஷத்தில்தான், எங்கள் வெயிலுகந்தபட்டியில் செத்துப்போன பதினோரு பேர் கலியாண மண்டபத்துக்கு வந்து ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அதற்கு முன்னால் இரண்டு பேர் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். வேப்பங்கொட்டையைத் துளைக்கிற ஒரு பூச்சியின் கொடுக்கை வருஷக்கணக்கில் உற்றுப் பார்த்த பையன் ஒருவன். சனங்கள் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவருக்கும் தனக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் அளந்த பெண் ஒருத்தி. எங்களுக்கு இரண்டுமே விளங்கவில்லை. ஆனால் மேடைக்குப் பின்னாலிருந்து காபி வாசனை வரும், பெஞ்சில் பாதுஷாவும் காராச்சேவும் பொட்டலம் பொட்டலமாக அடுக்கியிருக்கும், எல்லாக் கையும் உயர்ந்த பிறகுதான் அவற்றை எடுத்துக் கொடுப்பார்கள் என்பது நன்றாக விளங்கியிருந்தது. அதனால் பேராசிரியர் தங்கபாண்டியன் எழுந்து "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டு முடிப்பதற்குள் மண்டபம் முழுக்கக் கை முளைத்துவிடும். பலசரக்குக் கடை ஆறுமுகப்பெருமாள் இரண்டு கையையும் தூக்குவார். "ஒண்ணு எம் பொண்டாட்டிக்கு. அவளுக்குக் கால்வலி, வரல" என்பார்.

மூன்றாவதாகப் பேச வந்தவள்தான் குருபாக்கியம். எங்கள் ஊர்ப் பெண். அவள் அம்மா வெடிக்குக் காகிதக் குழாய் ஒட்டுகிறவள். எங்கள் ஊரில் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். காலையில் வேன் வந்து ஹார்ன் அடிக்கும், பாதி ஊர் ஏறி ஆபீசுக்குப் போகும், சாயங்காலம் வெள்ளி பூசிய கைகளோடு திரும்பி வரும். அலுமினியத் தூள் சோப்புக்குப் போகாது, சோற்றிலும் ஒட்டும், பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினால் அங்கேயும் ஒட்டும், சாமிக்கு விளக்குப் போட்டால் விளக்கிலும் ஒட்டும். அந்தத் தூளோடு இன்னும் நாலைந்தைச் சேர்த்துக் கலக்குவதை மருந்து என்போம். அந்த மருந்து யாரும் தொடாமலே, உரசாமலே, தனக்குத்தானே எப்படிச் சூடாகிறது என்பதை நகரத்து ஆய்வகத்தில் நகக்கண் அளவு மருந்தை வைத்துக்கொண்டு இளமை முழுக்கப் பார்த்திருந்தாள் குருபாக்கியம். மேடையில் கட்டிய துணியில் 'ஈரப்பதச் சூழலில் உலோகத்தூள் கலவைகளின் தன்வெப்பமேற்றம்' என்று எழுதியிருந்தது. அதை எங்களில் ஒருவர்கூட முழுசாக வாசித்து முடிக்கவில்லை.

அவள் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். வாசல் வழியாகத்தான் வந்தார்கள், செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, பிந்தி வந்தவர்களுக்கு உள்ள கூச்சத்தோடு முதுகைக் குனிந்துகொண்டு, எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீசின் மருந்து அறை வெடித்த அந்தக் காலையில் உடுத்தியிருந்த அதே சேலையும் கைலியுமாக. மேலில் ஒரு காயம் கிடையாது. கை மட்டும் முழங்கை வரைக்கும் வெள்ளியாக இருந்தது. "உச்சிமாகாளி அண்ணாச்சி, காத்தாடிக்குக் கீழ வாங்க, அங்கன புழுங்கும்" என்று யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்தார். மற்றவர்கள் அவரை ஒட்டி உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்த ராமுத்தாய் மட்டும் தள்ளி உட்கார்ந்தாள். இல்லை, அவள் உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் ஒரு நாற்காலி தள்ளிக்கொண்டார்கள்.

பேச்சு முடிந்தது, கைகள் உயர்ந்தன, ஒன்பதாவது வரிசையில் ஒரு கையும் உயரவில்லை.

"பின்னால இருக்கிறவங்களுக்குப் புரியலையா?" என்றார் பேராசிரியர். அவர் வெளியூர்க்காரர், அவர்கள் வேலையிலிருந்து நேராக வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

உச்சிமாகாளி எழுந்து நின்றார். மருந்து அறையில் கலவை போடுகிறவராக இருந்தவர். "புரியல சார். அன்னைக்கு எங்க ரூம்ல என்ன நடந்துச்சுன்னு பிள்ள சொல்லும்னு வந்தோம்."

எங்கள் ஊராட்சித் தலைவர் பேராசிரியரின் காதில் விஷயத்தைச் சொன்னார். பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து உத்தரவை எடுத்து, கண்ணாடியை மாட்டி, இரண்டு தடவை வாசித்தார். "கூட்டத்தில் உள்ளோர் அனைவரும்னு இருக்கு. உயிரோட உள்ளோர்னு போடலையே" என்றார். உத்தரவுக்கு உட்பட்டு வாழ்ந்த மனிதர் அவர். பொட்டலங்கள் பெஞ்சிலேயே இருந்தன. வெறும் காபி மட்டும் கொடுத்தார்கள். "செத்தும் நம்ம பாதுஷாவைப் பிடிச்சு நிப்பாட்டிட்டாகளே" என்று ஆறுமுகப்பெருமாள் தூக்கிய இரண்டு கையையும் இறக்கிக்கொண்டே சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகும் அவர்கள் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள், அதற்கடுத்த சனிக்கிழமை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள், குருபாக்கியம் வந்து வந்து சொல்ல, அவர்கள் கேட்டுக் கேட்டுக் கை தூக்காமல் இருக்க, ஆடி போய் ஆவணி வந்தது. கலியாண மண்டபத்தில் செத்தவர்கள் உட்கார்ந்திருந்தால் நல்ல காரியம் எப்படி நடத்துவது என்று முதலில் கொஞ்சம் பேச்சு இருந்தது. மண்டபத்துக்காரர் வேறு வழியில்லாமல், முகூர்த்தம் குறித்த வீட்டாரைக் கூட்டி வந்து காட்டி, "ஒரு வரிசைதான், சத்தமே போட மாட்டாக, பந்திக்கும் வர மாட்டாக" என்று சொன்னார். முதல் கலியாணத்தில் அந்த வரிசைக்கு முன்னால் ஒரு துணியைக் கட்டி மறைத்தார்கள். இரண்டாவது கலியாணத்தில் துணியைக் காணோம். மூன்றாவது கலியாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையை விட்டு இறங்கி வந்து காலில் விழுந்து எழுந்தார்கள். வெள்ளிக் கைகள் அவர்கள் தலையைத் தொட்டன, மணப்பெண்ணின் பூவில் தூள் மினுங்கியது, வீடியோக்காரன் அதை இன்னும் கிட்டப்போய் எடுத்தான். அதன் பிறகு காதுகுத்துக்காரர்கள்கூட ஒன்பதாவது வரிசை இருக்கிற மண்டபம்தான் வேண்டும் என்றார்கள். தரையில் உதிர்கிற தூளைக் கூட்டி அள்ள மண்டபத்துக்காரர் ஒரு தனித் துடைப்பம் வைத்தார். ரேஷன் அட்டையில் பெயரைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று பார்க்க வந்த அதிகாரி, அதற்கு வழியில்லை என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு வாய் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டாட்கள் வந்தார்கள். வந்து அழுதார்கள், அழுது முடித்தார்கள், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை வந்தார்கள், பிறகு மண்டபத்து வழியாக வேறு வேலையாகப் போனால் எட்டிப் பார்த்தார்கள். செத்தவர்கள் எதற்கும் பதில் பேசுவதில்லை. பேரனைக் காட்டினாலும், வீடு இடிந்ததைச் சொன்னாலும், வெறுமனே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்னைக்கு என்ன நடந்துச்சு, ஒனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்பார்கள். ராமுத்தாயின் புருஷன் இரண்டாம் கலியாணம் செய்திருந்தான். அவன் வரவில்லை. அந்த இரண்டாம் பெண்டாட்டிதான் எண்ணெயும் சீப்பும் எடுத்துக்கொண்டு வந்து, ராமுத்தாயின் தலையை மடியில் சாய்த்துச் சிக்கெடுத்தாள்.

"யக்கா, இந்த மனுசன் ஒங்ககிட்டயும் இப்பிடித்தான் கொறட்டை விடுவாரா? எனக்குக் காது போச்சுக்கா" என்பாள். ராமுத்தாய் சிரித்த மாதிரி இருக்கும். பிறகு அவளிடமும் அதையே கேட்பாள்: "அன்னைக்கு என்ன நடந்துச்சு, ஒனக்குத் தெரியுமா?"

அவள் சீப்பைக் கீழே வைத்துவிடுவாள். ஏனென்றால் ஊருக்கே தெரியும். ராமுத்தாய்தான் நடந்தது. காலையில் அறைக்குள் முதலில் போனவள் அவள், மருந்துத் தட்டின்மேல் கிடந்த சாக்கைத் தூக்கியவள் அவள், அவள் கை பட்டதும் வெளிச்சம் வந்ததை அறைக்குள் இருந்த பத்துப் பேரும் கண்ணால் பார்த்தார்கள், அதுதான் அவர்கள் கடைசியாகப் பார்த்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஆபீஸ் வாசலில் எழுதி ஒட்டினார்கள். தொழிலாளி என்றால் யார் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பத்துப் பேரும் அதையே நம்பிக்கொண்டு செத்திருந்தார்கள், நம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள், ராமுத்தாயின் இந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் அந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் காலியாகவே கிடந்தன. அவளுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒரே மகள், பவுனு. குருபாக்கியமும் பவுனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அன்று காலை வகுப்பறைச் சன்னல் கண்ணாடி உடைந்து உள்ளே விழுந்தபோது இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவுனு எழுந்து வெளியே ஓடினாள், பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவேயில்லை. ரூமைக் கொளுத்தினவ மக என்று அவளுக்குப் பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். குழாய் ஒட்டுகிற பெண்கள் அவளைப் பக்கத்தில் உட்கார வைக்கப் பயந்ததால், திரும்பக் கட்டிய மருந்து அறையிலேயே அவளுக்கு வேலை கொடுத்தார்கள்.

குருபாக்கியம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தன் பேச்சை எளிதாக்கிக்கொண்டே வந்தாள். ஈரமான மருந்தைக் குவித்து மூடி வைத்தால் உள்ளுக்குள் சூடு பிறக்கும், அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் சூட்டைப் பிறப்பிக்கும் என்றாள்.

"மாவு புளிக்கிற மாதிரியா, தாயி?" என்று ஒன்பதாவது வரிசையிலிருந்து பேச்சி கேட்டாள். மருந்தைச் சலித்துக் கொடுக்கும் வேலை பார்த்தவள் அவள்.

"ஆமா சின்னம்மா. மாவுப் பானையில கை வச்சா வெதுவெதுன்னு இருக்குமே, அதே மாதிரி. ஆனா இது பொங்கி வழியாது. ஒரு அளவுக்கு மேல போனா ஒரே வெளிச்சம்தான்."

"சரி, அது வெளங்குது. எங்க ரூம்ல என்ன நடந்துச்சு?"

குருபாக்கியம் பேராசிரியரைப் பார்ப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். மேடையில் கட்டிய துணி ஆபீஸ் கொடுத்தது, மண்டபத்துக் காத்தாடிகளும் ஆபீஸ் கொடுத்தவை. "அது என் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்பாள் குருபாக்கியம். அந்தப் பதினோரு பேரும் அது என்ன எல்லை என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மறுபடி கைகளை மடியில் வைத்துக்கொள்வார்கள். பாதுஷா இன்னொரு வாரம் காத்திருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை முடிந்து, மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவுகிற குழாயடியில் பவுனு அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, எங்கம்மா கைதானா, இல்லையா? ஒனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியாது பவுனு."

"தெரியாதுக்கா இம்புட்டு வருசம் படிச்ச?"

"முந்தின நாள் மிச்ச மருந்து ரூம்ல இருந்துச்சா, நனைஞ்சுச்சா, மூடி வச்சிருந்தாங்களா... இது தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும். அதைச் சொல்ல யாரும் உசுரோட இல்லையே."

பவுனு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதுக்குத்தான வந்து உக்காந்திருக்காக, பதினோரு பேரும்? கேளு."

"பேசுறவ கேள்வி கேக்கக் கூடாது. கூட்டத்துல இருக்கிறவங்கதான் கேக்கணும். முறை அப்பிடி."

"என்ன முறையோ போ. எங்கம்மா எட்டு வருசமா அவ கையையே பாத்துக்கிட்டிருக்கா. நீ ஒன் முறையைப் பாத்துக்கிட்டிரு."

அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்கு ஊர் முழுக்க வந்தது. வெளியிலிருந்து ஒரு பெரிய தேர்வாளர் வருகிறார், இன்றைக்கு எப்படியும் முடித்துவிட வேண்டும் என்று ஆபீசிலேயே சொல்லி, மதியத்தோடு வேலையை நிறுத்தி, வேனை நேராக மண்டப வாசலுக்கு ஓட்டி வந்தார்கள். காலையிலிருந்து மழை வரும்போல மானம் மூடிக்கிடந்தது. தேர்வாளர் முன்வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையால் நாற்காலிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், எல்லாக் கூட்டத்திலும் எழுந்து கேட்பதற்காக ஒரே ஒரு கேள்வியை மனப்பாடம் செய்து வைத்திருந்த இளைய ஆய்வு மாணவன் உட்கார்ந்திருந்தான்.

குருபாக்கியம் மாவுப் பானையைச் சொன்னாள், சூட்டைச் சொன்னாள், ஈரத்தைச் சொன்னாள். பேச்சி வழக்கம்போலக் கேட்டாள்: "சரி தாயி, எங்க ரூம்ல?"

குருபாக்கியம் பேராசிரியரைப் பார்க்கவில்லை. மேடையை விட்டு இறங்கி நடந்து வந்து ஒன்பதாவது வரிசைக்கு முன்னால் நின்றாள்.

"உச்சிமாகாளி மாமா, நான் ஒண்ணு கேக்கலாமா? முந்தின நாள் சாயங்காலம் மருந்து மிச்சம் இருந்துச்சா?"

செத்தவர்கள் அசைவது எங்களுக்குப் பழகியிருந்தது. அவர்கள் அசையாமல் இருந்தது அன்றைக்குத்தான் எங்களைப் பயமுறுத்தியது. பிறகு உச்சிமாகாளி எழுந்தார்.

"இருந்துச்சு தாயி. ரெண்டு தட்டு. மிச்சத்தைக் கொண்டுபோய்க் குழியில கொட்டி அழிக்கணும்னுதான் சட்டம். அதுக்கு அரைமணி ஆகும். வேன் ஹார்ன் அடிச்சிட்டான். நான்தான் சாக்கைப் போட்டு மூடுனேன்."

"சாக்கை எடுத்துக் குடுத்தது நானு" என்றாள் பேச்சி.

"வேன்ல இருந்து கையாட்டி, வாங்க வாங்கன்னு சத்தம் போட்டது நான்" என்றான் இன்னொருவன்.

"ராத்திரி மழை பேஞ்சுச்சு. கூரை ஒழுகும்னு எனக்குத் தெரியும். யாருகிட்டயும் சொல்லல" என்றாள் வேறொருத்தி.

அப்படி ஒவ்வொருவராக எழுந்து எழுந்து சொன்னார்கள். கடைசியில் ராமுத்தாய் இருந்த இடத்திலிருந்தே, கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நானும் பாத்தேன். பாத்துட்டுத்தான் வேன்ல ஏறுனேன். சன்னல் சீட்டு போயிரும்ல."

அதே வேனில் நாங்களும் இருந்தோம். பக்கத்து அறைகளிலிருந்து முன்னாலேயே ஏறி உட்கார்ந்து, இன்னும் என்ன பண்ணுறாக என்று அலுத்துக்கொண்டு, டிரைவரை இன்னொரு தடவை ஹார்ன் அடிக்கச் சொன்னவர்கள் எங்களில் இருந்தார்கள். அவர்கள் அப்போது மண்டபத்தின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படின்னா ராத்திரி முழுக்க அது சாக்குக்குள்ள கொதிச்சிருக்கு" என்றாள் குருபாக்கியம். "காலையில யார் தூக்கியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். யாருமே தூக்காம இருந்திருந்தாலும் கொஞ்ச நேரத்துல அதுதான் நடந்திருக்கும். ராமுத்தாய் அத்தை கையில இருந்து நெருப்பு வரல. கை அங்க இருந்துச்சு, அவ்வளவுதான்."

பேச்சி எழுந்து, ராமுத்தாய்க்குப் பக்கத்தில் இத்தனை நாளும் காலியாகக் கிடந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "கொஞ்சம் அங்கிட்டு நகந்துக்கத்தா" என்றாள். மற்ற நாற்காலிகளும் கிறீச்சிட்டு நகர்ந்தன.

நாற்காலிச் சத்தம் அடங்கியதும், தன் முறை எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து பதற்றமாகிவிட்ட இளைய ஆய்வு மாணவன் எழுந்து, "இந்த ஆய்வினால் சமுதாயத்திற்கு என்ன பயன்?" என்று உரக்கக் கேட்டான். அவன் உட்கார்ந்துகொண்டான்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார் பேராசிரியர், கேட்கிற மாதிரியே இல்லாமல்.

ஒன்பதாவது வரிசையில் கைகள் உயர்ந்தன. முழங்கை வரை வெள்ளியான கைகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். தூக்கிய கையை அவர்கள் இறக்கவில்லை. நாற்காலிகள்தான் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. உச்சிமாகாளி இருந்த இடத்தில் கொஞ்சம் தூள். பேச்சி இருந்த இடத்தில் கொஞ்சம் தூள்.

ராமுத்தாய் மட்டும் கை தூக்கவில்லை.

"ராமுத்தாய் மதினி, ஒங்க மேல குத்தம் இல்லைன்னு பிள்ள அம்புட்டுத் தெளிவாச் சொல்லிருச்சே" என்று ஆறுமுகப்பெருமாள் கெஞ்சினார். இந்தத் தடவை அவர் பொட்டலத்தை நினைத்துச் சொல்லவில்லை.

"அது வெளங்கிருச்சு. ஒண்ணு வெளங்கல." அவள் கூட்டத்தில் மகளைத் தேடிக் கண்டுபிடித்தாள். "பவுனு, நீ எங்க வேலை பாக்க?"

பவுனு எழுந்தாள். அவள் கையும் முழங்கை வரைக்கும் வெள்ளியாக இருந்தது. "மருந்து ரூம்லம்மா."

"எந்த ரூம்?"

"அதே ரூம்தான். புதுசாக் கட்டிட்டாக."

"சாயங்காலம் மிச்சம் இருந்தா என்ன செய்வீக?"

பவுனு எங்களைப் பார்த்தாள். நாங்கள் பவுனைப் பார்த்தோம். எத்தனை சாயங்காலம், எத்தனை ஹார்ன், எத்தனை சாக்கு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"குழியில கொட்டிருவோம்மா" என்றாள் பவுனு. "இப்ப முன்ன மாதிரி இல்ல. ஒரு பொடி மிச்சம் வைக்க மாட்டோம். வேன் நிக்கும்மா. நாங்க கொட்டி முடிச்சு, கை காலு கழுவிட்டு வார வரைக்கும் வேன் நிக்கும்."

ராமுத்தாய் எங்கள் பக்கம் திரும்பினாள். "நெசந்தானா?"

நாங்கள் கை தூக்கினோம். டிரைவர் தூக்கினான், போர்மேன் தூக்கினார், குழாய் ஒட்டுகிறவர்கள் தூக்கினார்கள், பால் குடிக்கிற பிள்ளையை வைத்திருந்தவள் மறு கையைத் தூக்கினாள். அந்த மண்டபத்தில் என்ன கேட்கிறார்கள் என்று புரிந்து நாங்கள் கை தூக்கியது அது ஒரு தடவைதான். அந்தத் தாய் ஒவ்வொரு கையாகப் பார்த்து, எல்லாவற்றையும் நம்பி, மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் கையைத் தூக்கினாள்.

நாற்காலி காலியானது.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார், தேர்வாளர் கையெழுத்துப் போட்டார், "டாக்டர் குருபாக்கியம்" என்று முதன்முதலாக அவளை அழைத்துக் கை கொடுக்க வந்தார்கள். பொட்டலங்கள் வரிசை வரிசையாகப் போயின. வெளியே தூறல் ஆரம்பித்து, ஓட்டில் சடசடவென்று மழையானது. குருபாக்கியம் நீட்டிய கைகளை விலக்கிக்கொண்டு பவுனிடம் வந்தாள்.

"பவுனு, நெசமாச் சொல்லு. இன்னைக்கு?"

பவுனு பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். "ஒன் கூட்டத்துக்குன்னு வேனை வெரசா எடுத்துட்டான். ரெண்டு தட்டு. நான்தான் மூடுனேன்."

"கூரை?"

"ஒழுகும்." பவுனு எழுந்தாள். "நான் போய் எடுத்துக் கொட்டிட்டு வந்துர்றேன். சைக்கிள் இருக்கு."

குருபாக்கியம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மதியத்திலிருந்து எவ்வளவு நேரம், எவ்வளவு ஈரம் என்று அவள் உதடு கணக்குப் போட்டது. "தொடக் கூடாது. இப்ப யாரும் கிட்டப் போகக் கூடாது. இனிமே செய்யிறதுக்கு ஒண்ணும் இல்ல." அவள் இளமை முழுக்கப் படித்ததில் அந்த நேரத்துக்கு உதவியது அவ்வளவுதான்.

ஆபீஸ் வாட்ச்மேன் கொண்டல்ராசுக்கு போன் போட்டு, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு உடனே மண்டபத்துக்கு வா என்றார்கள். அவன் நனைந்துகொண்டே சைக்கிளில் வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, ராமுத்தாயின் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன விசேசம், இம்புட்டு அமைதியா இருக்கீக?" என்று கேட்டான். யாரோ ஒரு பொட்டலத்தை அவன் கையில் கொடுத்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பாதுஷாவைக் கையில் வைத்துக்கொண்டு, மடியில் வெள்ளித் தூள் உதிர, ஊரே ஆபீஸ் இருக்கிற கிழக்குத் திசையைப் பார்த்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது.

விளக்குப் போடுகிற நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. முதலில் சன்னல்களில் வெளிச்சம், பிறகு தரைக்கு அடியில் ஏதோ புரண்டு படுத்த மாதிரி ஒரு அசைவு, பிறகு சத்தம். மேடைத் துணி அறுந்து விழுந்தது. பிள்ளைகள் வீறிட்டன. பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். யாரும் குறையவில்லை. அந்த அறையில் யாரும் இல்லை. "நல்லவேளை, சாமி, நல்லவேளை" என்று ஆறுமுகப்பெருமாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பவுனு மட்டும் அசையாமல் நின்றாள். "அம்மாவுக்குக் கேட்டிருக்கும்" என்றாள்.

யாருக்கும் உடனே விளங்கவில்லை.

"இப்பத்தான போனா? ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டா. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் உள்ள இருக்கேன்னு நினைப்பா."

அவள் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினாள். செத்தவர்கள் எந்தத் திசையில் போவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவள் கிழக்கே பார்த்துக் கத்தினாள், மேற்கே பார்த்துக் கத்தினாள், மழை வாய்க்குள் போகப் போகத் துப்பிவிட்டுக் கத்தினாள்: "யம்மா, நான் அங்க இல்ல! மண்டபத்துல இருக்கேன்! யம்மா, நான் உசுரோட இருக்கேன்!"

குருபாக்கியம் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றாள். "அத்தை, பவுனு இங்க இருக்கா! எங்கூட நிக்கா!" என்று அவளும் கத்தினாள். பிறகு நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தோம். பேச்சியின் மகன் தன் அம்மாவைக் கூப்பிட்டு நான் இங்க இருக்கேன் என்றான். உச்சிமாகாளியின் தம்பி அண்ணனைக் கூப்பிட்டான். வாட்ச்மேன் கொண்டல்ராசு, செத்தவர்களில் தனக்கென்று யாரும் இல்லாதபோதும், எல்லாருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு நான் இங்க இருக்கேன் என்றான். கிழக்கே மழையையும் மீறி எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பதிலும் வரவில்லை.

பவுனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. திங்கட்கிழமை வேறொரு மருந்து அறை, அதே வேன் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்ன பொய்யும் இன்னும் வாயில் இருந்தது. அதனாலோ என்னவோ, கடைசியில் அவள் உசுரோட இருக்கேன் என்று கத்துவதை விட்டுவிட்டாள்.

"யம்மா," என்று கூப்பிட்டாள், "இன்னைக்கு இருக்கேம்மா. இன்னைக்கு இருக்கேன்."